கட்டுரையில் இல்லாத ஆள்

என் கணவர் வேலை நேரத்தில் எனக்குப் போன் செய்வதில்லை. அவருக்குப் பாறசாலையில் எலக்ட்ரிக்கல் கடை. எனக்கு அமரவிளையில் ஒரு சிறிய லேபில் ரத்தப் பரிசோதனை வேலை. பேச வேண்டியதைச் சாயங்காலம் வீட்டில் பேசிக்கொள்வோம். அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்குள் மூன்று முறை அழைத்துவிட்டார். ஒருவர் கையில் ஊசியை ஏற்றியிருந்ததால் எடுக்க முடியவில்லை. நான்காவது முறை எடுத்தேன்.

“நீ சபையை பட்டின்னு எழுதினியா?” என்றார்.

“என்னது?”

“நம்ம சபை ஒரு பட்டின்னு. வாட்ஸாப்ல கிடந்து ஓடுது. உன் பேரு உண்டு, போட்டோ உண்டு. கடைக்கு வாற ஆளெல்லாம் கேக்குதாவ. நான் என்ன சொல்லட்டு?”

எழுதியது நான்தான்.

நான் விளவங்கோடு பக்கம் பிறந்து, தமிழில் படித்து, கல்யாணமாகி மாநில எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தவள். தாண்டி என்றால் பெரிய தூரமில்லை, பஸ்ஸில் இருபது நிமிடம். இங்கும் வீடுகளில் பேசுவது தமிழ்தான், அல்லது மலையாளம் கலந்த தமிழ். ஆனால் வாசிப்பது மலையாளம். பள்ளிக்கூடம், பத்திரிகை, சபையில் பாட்டு, பிரசங்கம் எல்லாம் மலையாளம். என் கணவர் தமிழில் சண்டை போடுவார், தமிழில் பேரம் பேசுவார். தமிழ் எழுத்தில் பஸ் போர்டை மட்டும் தட்டுத்தடுமாறி வாசிப்பார்.

இருபது வருடத்துக்கும் மேலாகத் தமிழ்ப் பத்திரிகைகளில் கதையும் கட்டுரையும் எழுதி வருகிறேன். இங்கே ஒருவரும் வாசித்ததில்லை. நாகர்கோவிலில் கூட்டங்களுக்குப் போகும்போது இதை ஒரு துக்கமாகச் சொல்வேன், கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையை எழுதி அனுப்பிவிட்டு, அது அச்சாகி வந்த அன்று அதே வீட்டில் போய்க் கறிவேப்பிலை பறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு வாசகர்கள் கோயம்புத்தூரில் இருந்தார்கள், சென்னையில் இருந்தார்கள். நான் எழுதிய மனிதர்கள் இங்கே இருந்தார்கள். நடுவில் ஒரு மொழி சுவர் போல நின்றது. போனில் எந்த எழுத்தைக் காட்டினாலும் மொழிபெயர்த்துத் தரும் வசதி வந்ததை நானும் பார்த்தேன். லேபுக்கு வரும் வடநாட்டுத் தொழிலாளிகளோடு அதை வைத்துத்தான் பேசுகிறேன். என் சுவரும் அதோடு விழுந்துவிட்டது என்று எனக்கு ஏனோ தோன்றவே இல்லை.

அந்தக் கட்டுரை கடந்த மழைக்காலத்தைப் பற்றியது. காரோடு ஊருக்குக் கீழே கடற்கரையில் அலை ஏறி வீடுகளை எடுத்துக்கொண்டு போனது. பதினொரு குடும்பங்களுக்கு எங்கள் சபையின் ஹாலைத் திறந்து கொடுத்தோம். பத்து நாள் இருந்தார்கள். பதினோராம் நாள், சனிக்கிழமை, ஹாலில் ஒரு கல்யாண வரவேற்பு ஏற்கெனவே பதிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை கமிட்டி கூடி, அவர்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாம் என்று முடிவெடுத்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்பது கமிட்டியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை விடிந்ததும் அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

இதைத்தான் எழுதியிருந்தேன். நடுவில் ஒரு பத்தி இப்படித் தொடங்கியது: “எங்கள் சபை ஒரு பட்டி. மழை பெய்தால் வழிதப்பிய ஆடுகளையும் உள்ளே விடும். மழை விட்டதும் தன் ஆடு எது, பிறர் ஆடு எது என்று பார்க்கத் தொடங்கும்.” யாரோ அந்தப் பத்தியை மட்டும் படமெடுத்து, போனில் மலையாளமாக்கியிருக்கிறார்கள். போன் மற்றதையெல்லாம் ஏதோ ஒருவிதமாக மாற்றிவிட்டு, பட்டியை மட்டும் பட்டியாகவே விட்டுவிட்டது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய்.

எனக்குத் தெரியாத சொல்லா? எங்கள் வீட்டுத் தமிழிலும் பட்டி என்றால் நாய்தான். ஆட்டையும் மாட்டையும் அடைக்கிற இடத்தைத் தொழுத்து என்போம். ஆனால் எழுத உட்கார்ந்தால் நான் வேறொரு ஆளாகிவிடுவேன். தஞ்சாவூர்க்காரருக்கும் மதுரைக்காரருக்கும் புரிகிற சொல்லாகத் தேடித் தேடிப் போடுவேன். எனக்குத் தெரிந்த பட்டி அன்று மேஜைப் பக்கமே வரவில்லை.

அன்று லேபில் மீதி நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை மெஷினில் வைத்தேன். கொஞ்ச காலமாகச் செய்தி பார்ப்பதே எனக்கு ஒரு நோய் போல ஆகியிருந்தது. ஏதாவது ஒரு மாநிலத்தில் யாராவது ஒருவர் தான் எழுதிய ஒரு வரிக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். பின்னால் வெறும் சுவர், முன்னால் மைக், கண்கள் கேமராவைப் பார்க்காமல் கீழே. அவர்களில் சிலர் அந்த வரியை எழுதவே இல்லை என்பார்கள். சிலர் எழுதியது வேறு அர்த்தத்தில் என்பார்கள். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இவர் இன்னும் கொஞ்சம் தைரியமாக நின்றிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போவேன். அன்று அதே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது, எங்கள் வீட்டில் எந்தச் சுவர் வெறுமையாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

கணவர் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்திருந்தார். பத்திரிகை அவர் மடியில் கிடந்தது. ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, போன் தந்த மலையாளத்தை வாசித்துக்கொண்டிருந்தார். நான் எழுதிய ஒன்றை அவர் வாசிப்பதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தார். “பாதி மனசிலாகல்ல. போன் என்னவெல்லாமோ சொல்லுது” என்றார். பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, “நீ இப்படியாக்கும் எங்களையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கது?” என்று கேட்டார்.

“பட்டின்னா ஆட்டுத் தொழுத்துங்க. நாயில்ல.”

“அது செரி. அதையா நான் கேட்டேன்?”

நான் அடுக்களைக்குள் போய் அரிசி களைந்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். எங்கள் சபைப் பெண் ஒருத்தி, என் நாற்காலி காலியாக இருந்தும் பக்கத்தில் இன்னொரு டெக்னீசியனுக்காகக் காத்திருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு ஆண் குரல், “நாயெல்லாம் ஞாயித்துக்கிழமை கூடுது, வந்து பாக்குதியா?” என்று கேட்டுவிட்டு வைத்தது. அந்த எண்ணைக் குறித்து வைத்தேன். பிறகு, குறித்து வைத்து யாரிடம் காட்டப்போகிறேன் என்று அழித்தேன். கட்டுரையை வெளியிட்ட ஆசிரியரை அழைத்தேன். “தைரியமா இருங்க, நாங்க இருக்கோம்” என்றார். அவர் இருந்தது ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சபைக் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. கையில் ஒரு தமிழ் அகராதியைக் கொண்டுபோயிருந்தேன். கணவர் கூடவே வந்து வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஏழு பேர். சபைச் செக்ரட்டரி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், என்மீது பிரியமுள்ளவர். அகராதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“அப்போ ஆடு அடைக்கிற இடமாக்கும்?”

“ஆமா அண்ணன். அந்த இடத்தைத்தான் சொன்னேன்.”

“தொழுத்துன்னு எழுதியிருந்தா தீந்துதேல்லா மக்கா! ஒரு சொல்லுக்கு என்ன பாடு படவேண்டி வந்துது பாரு.”

யாரோ சிரித்தார்கள். அறையே லேசாகிவிட்டது. சாயா வந்தது, பழம்பொரி வந்தது. சபைக் குரூப்பில் ஒரு விளக்கம் போடச் சொன்னார்கள். அங்கேயே நின்று மலையாளத்தில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினேன். பட்டி என்றால் தமிழில் ஆட்டுத் தொழுத்து, யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லை, புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். என் பின்னால் வெள்ளையடித்த சுவர் இருந்தது. படம் இல்லை, குரல் மட்டும்தான் என்பது ஆறுதலாக இருந்தது.

அந்தப் பத்தியின் மற்ற இரண்டு வரிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பதினொரு குடும்பங்களைப் பற்றியும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பழம்பொரி சூடாக இருந்தது. இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடாததால் இரண்டு தின்றேன்.

ஞாயிறும் திங்களும் நிம்மதியாகப் போயின. செவ்வாய்க்கிழமை லேபில் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பாறசாலைப் பக்கம் ரஸ்க் கம்பெனியில் பாக்கிங் வேலை செய்கிறவர்கள், வருடாந்தரப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நாலாவதாக வந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கையை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினேன்.

“என்னைத் தெரியுதா அக்கா?”

“தெரியல்லியே.”

“நீங்க என்னைப் பத்தி எழுதியிருக்கியளே.”

நிமிர்ந்து பார்த்தேன். ஹாலில் சமையல் நடந்த பக்கம், கைக்குழந்தைக்காரிகளுக்கு முதலில் கஞ்சி ஊற்றச் சொல்லி வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெண். கட்டுரையின் கடைசியில் அவள் வருகிறாள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, தலை குனிந்து கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த இடத்தை வாசித்து அழுததாக மூன்று பேர் எனக்கு எழுதியிருந்தார்கள்.

“எப்படி வாசிச்சே?” என்று கேட்டேன்.

“கம்பெனியில ஒருத்தி களியக்காவிளைக்காரி. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். வாட்ஸாப்ல இந்த வழக்கு வந்தப்போ எங்கேயோ போய் புக்கை வாங்கிட்டு வந்தா. சோறு தின்னுத நேரம் முழுசும் வாசிச்சுக் கேப்பிச்சா. நாங்க எட்டு பத்து பேரு கேட்டோம்.”

“அந்தப் பட்டி வந்து…”

“அது எங்களுக்கு மனசிலாச்சு. அதொண்ணும் இல்ல அக்கா.” கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள். “நான் குனிஞ்சு கும்பிட்டேன்னு எழுதியிருக்கு. நான் கும்பிடல்ல. இன்னும் ரெண்டு நாள் தருவியளான்னு கேட்டேன். உங்ககிட்டத்தான் கேட்டேன். ஹாலுக்க சாவி உங்க கையில இருந்துதுல்லா.”

ஊசி உள்ளே போய்விட்டிருந்தது. குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க ஒண்ணும் மிண்டல்ல, வாயே தொறக்கல்ல. அதுக்கு எனக்கு வெசனம் இல்ல, உங்க பாடு உங்களுக்கு. ஆனா அவ வாசிச்சு முடிச்சப்போ ஒண்ணு தோணிச்சு. அதில சபை உண்டு, கமிட்டி உண்டு, கல்யாணக்காரங்க உண்டு. நீங்க எங்கயுமே இல்லியே அக்கா?”

பஞ்சை வைத்து அழுத்தினேன். “கையை மடக்கிப் பிடி” என்றேன். அவள் எழுந்து போனாள். அடுத்த பெண் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அப்போது நான் சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செக்ரட்டரி. முகாம் நடந்த பத்து நாளும் ஹாலின் சாவி என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கமிட்டியில் நானும் உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது வேறு அபிப்பிராயம் உண்டா என்று சபைச் செக்ரட்டரி கேட்டபோது, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை எல்லாரும் போன பிறகு ஹாலைக் கூட்டச்சொல்லிப் பூட்டியதும் நான்தான். கட்டுரை எழுதும்போது இவை எதையும் மறைக்க வேண்டும் என்று நினைத்ததாக ஞாபகமில்லை. இவை எழுத்தில் வரவே இல்லை, அவ்வளவுதான். அதுதான் என்னை இன்னும் அதிகமாகப் பயப்படுத்தியது.

வாட்ஸாப்புக்குப் பயந்தபோது வெளியே யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பயம் அலமாரிக்குள் இருந்தது. அன்று சாயங்காலம் என் பழைய பத்திரிகைகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். நான் எழுதியதை நானே வாசிப்பது எனக்கு வழக்கமில்லை. அச்சுப்பிழை இருக்கிறதா என்று பார்த்து மூடிவிடுவேன். இந்தத் தடவை ஒரே கேள்வியோடு வாசித்தேன்: இது நடந்தபோது நான் எங்கே நின்றேன்? பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிய கதையில், மருமகள் சொன்னதை மாமியாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று கதையில் இல்லை. நான்தான் சேர்த்தேன். அம்பூரியில் ரப்பர் வெட்டுகிற ஒரு குடும்பத்தைப் பற்றிய கட்டுரையில், அவர்களுடைய மகளின் படிப்புக்கு ஒருவர் உதவுவதாகச் சொல்லி மறந்துபோகிறார். அந்த ஒருவர் யாரென்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஊர் குற்றவாளியாக நின்றது. நான் ஒரு கண் மட்டுமாக இருந்தேன். அந்தக் கண்ணைப் பாராட்டித்தான் எனக்கு இதுவரை கடிதங்கள் வந்திருக்கின்றன.

திருத்தம் எழுதி அனுப்பப்போகிறேன் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“இப்போ எழுதினா மிரட்டலுக்குப் பயந்து எழுதின மாதிரி ஆயிடும். இருக்கிற சூழ்நிலை உங்களுக்குத் தெரியும். நம்ம பக்கம் நிக்கிறவங்களுக்கே அது ஒரு பலவீனம்.”

“மிரட்டினவங்களுக்காக இல்ல சார். நான் எழுதினதில ஒரு பொய் உண்டு.”

“கும்பிட்டாங்களா, கேட்டாங்களாங்கிறது புனைவுச் சுதந்திரம்தானே.”

“அது கட்டுரை சார்.”

எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். எழுதினேன். ஒன்றரைப் பக்கத்துக்கு ஐந்து நாள் ஆனது. அனுப்புவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. லேபில் அவள் தந்திருந்த எண்ணைப் பயன்படுத்துவது முறையல்ல. ரஸ்க் கம்பெனி வாசலில் போய் நின்று, வேலை விட்டு வந்தவளிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச்சொன்னாள்.

காரோட்டில் வாடகைக்கு இரண்டு அறை. அவள் கணவர் ஹார்பருக்குப் போயிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். இருபது வருடமாக மேடைகளில் வாசித்திருக்கிறேன், நான் எழுதிய ஆள் எதிரே உட்கார்ந்து கேட்டதில்லை. அவள் இடையிடையே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அன்னைக்கு மழை இல்ல அக்கா. நல்ல வெயிலு.”

அடித்தேன்.

“எங்க ஆளுங்க அழுதுக்கிட்டே போனாவன்னு இருக்கு. யாரும் அழல்ல. ஆட்டோ வரல்லன்னு தேச்சியத்துல திட்டிக்கிட்டு இருந்தோம்.”

அதையும் அடித்தேன். நான் வாய் திறக்காமல் நின்ற இடம் வந்தபோது அவள் நிறுத்தவில்லை. முடித்ததும், “செரி” என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். அதில் ரேஷன் கார்டு, ஆதார், இடிந்த வீட்டின் படங்கள். புது வீடு பெறுகிறவர்களின் லிஸ்டில் அவர்கள் பெயர் இல்லை. வீட்டு எண் தவறாக ஏறியிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“இதுக்கு ஒரு அபேட்சை எழுதித் தருவியளா? மலையாளத்துல.”

மலையாளத்தில் நான் ரசீதும் ரிப்போர்ட்டும் தவிர எதுவும் எழுதியதில்லை. அங்கேயே உட்கார்ந்து மனுவை எழுதினேன். கடல் என்று ஆரம்பித்தவுடன் கை தன் பழக்கத்துக்கு ஓடப் பார்த்தது. அவள் விடவில்லை. “வீட்டு நம்பரு முதல்ல போடுங்க அக்கா. பின்னே எந்த தேதியில விழுந்துதுன்னு. அது போதும்.” ஒரு எழுத்து தவறினாலும் ஒரு வீடு போய்விடும் என்ற பயத்தில் நாலு தாள் கிழித்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டினேன். அவர் மூன்று பிழை திருத்தினார்.

என் திருத்தம் அடுத்த இதழில் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வந்தது. யாரும் படமெடுத்துப் பரப்பவில்லை. ஒரே ஒரு கடிதம் வந்தது, நான் பணிந்துவிட்டேன் என்று வருத்தப்பட்டு. சபைக்கு அதை எடுத்துக்கொண்டு போனது நானே. போனில் மலையாளமாக்கி, இந்த முறை ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்து, செக்ரட்டரிக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமைக் கமிட்டியில் என்ன நடந்தது என்பது அதில் இருந்தது. பழைய கட்டுரைக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை. “அடுத்த வருசம் பெண்கள் சங்கத்துக்கு வேற ஆளு நிக்கட்டு மக்கா, உனக்கும் ஓய்வு வேணும்லா” என்று செக்ரட்டரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பெஞ்சில் இப்போது தாராளமாக இடம் இருக்கிறது. கணவர் கடையை அடைக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டு என்னோடு வந்து உட்காருகிறார். அவருக்கு இதிலெல்லாம் என்ன அபிப்பிராயம் என்று இன்றுவரை சொல்லவில்லை.

மனுவை அவளும் நானும் சேர்ந்து போய்க் கொடுத்து முத்திரை வாங்கிவந்தோம். மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, வீடு இருந்த இடத்தில் இப்போது கிடக்கும் மணலைப் படமெடுத்துக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. புதிய லிஸ்ட் வந்தால் இணையத்தில் போடுவார்கள் என்றார்கள். காலையில் பஸ்ஸில் ஏறியதும், செய்திகளைத் திறப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். பெயரை எந்த எழுத்தில் ஆரம்பித்திருப்பார்களோ என்று மூன்று விதமாகத் தேடுகிறேன். இன்று காலையும் இல்லை.